சந்தியாகப்பரும் யாக்கோபும் ஒருவரா? வாசகர் கேள்வி – பதில்

கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையினரும் எப்போது பிரிந்தார்கள் என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். ‘1517-இல், மார்ட்டின் லூதர் காலத்தில்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று பாம்பன் தொடங்கித் தொண்டி வரை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர்கள் சொல்வது நியாயம்தான். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோவில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். மணமாகி வந்த வீடு சி.எஸ்.ஐ. குடும்பம். இங்கே சந்தியாகப்பர் என்றால் யாருக்கும் தெரியவில்லை. ‘அவர் உங்கள் ஆர்.சி. சாமி, வேதத்தில் அப்படி ஒருவர் இல்லை’ என்கிறார் என் மாமியார். உண்மையா?
– இல்லத்தரசி, பாம்பன்

உங்கள் மாமியார் தினமும் வாசிக்கும் வேதாகமத்திலேயே அவர் இருக்கிறார். மத்தேயு நான்காம் அதிகாரத்தில், தகப்பன் செபதேயுவோடு படகில் அமர்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு சகோதரர்களை இயேசு அழைக்கிறார் அல்லவா? அவர்களில் ஒருவரான யாக்கோபுதான் உங்கள் சந்தியாகப்பர். வலை பொத்தும் மனிதரை உங்கள் கரை தனக்குரியவராக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

பெயர் எப்படி இரண்டாயிற்று என்பதில்தான் நீங்கள் கேட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. முத்துக்குளித்துறையில் 1535 முதல் 1537 வரை திரளான மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது அவர்களுக்கு மறையைக் கற்பித்தவர்கள் போர்த்துக்கீசியரோடு வந்த குருக்கள். யாக்கோபை அவர்கள் ‘சந்தியாகோ’ என்றார்கள். நம் நாக்கில் அது சந்தியாகு ஆனது. ‘ஜோசே’ சூசை ஆனார். வேறு சில பெயர்களைத் தமிழிலேயே ஆக்கிக்கொண்டார்கள்: பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள், ஆகவே சின்னப்பர்; யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு இறைவனின் அருள் என்பது பொருள், ஆகவே அருளப்பர். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகு, 1706-இல், டென்மார்க் அரசரின் ஆதரவோடு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கி 1715-க்குள் அச்சிட்டு முடித்தவர் அவர். அந்த மொழிபெயர்ப்பு மரபில் வந்தவையே யாக்கோபு, பவுல், யோவான் என்ற பெயர்கள். ஆக, ஒரே மனிதர் நம் கடற்கரைக்கு இரண்டு கப்பல்களில், இரண்டு பெயர்களோடு வந்து சேர்ந்திருக்கிறார்.

அந்தக் கப்பல்கள் ஏன் இரண்டாயின என்ற இடத்தில்தான் 1517 வருகிறது. திருவிழா அறிவிப்புகளில் ‘பரிபூரண பலன்’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து திருச்சபை வழங்கும் விடுதலை அது. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்ற உயர்குடிப் பிரபு மைன்ஸ் நகரின் பேராயர் பதவிக்காக ஃபுகர் என்ற பெருவட்டிக் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடனை அடைக்கவும், உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டி எழுப்பவும் இந்தப் பலன்கள் பணத்துக்கு விற்கப்பட்டன. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்த அகுஸ்தீன் சபைத் துறவியான லூதர், அதை எதிர்த்து 95 வாதங்களை எழுதினார். அதுவரை நடந்தது ஒரு துறவிக்கும் ஒரு வியாபாரத்துக்கும் இடையிலான தகராறு மட்டுமே. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு போகிமியாவில் (இன்றைய செக் நாடு) யான் ஹுஸ் என்ற குரு இதைப் போலவே பேசியபோது, 1415-இல் அவரை உயிரோடு எரித்து அந்தக் குரலை அடக்கப் பார்த்தார்கள்.

லூதர் எரிக்கப்படாததற்குக் காரணங்களாக நான் மூன்றைச் சொல்வேன். அச்சு இயந்திரம் அவருடைய எழுத்தைச் சில வாரங்களில் ஜெர்மனி எங்கும் கொண்டுபோனது. சாக்சனியின் சிற்றரசர் பிரெடெரிக் அவரைத் தம் கோட்டையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். எல்லோருக்கும் மேலே இருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸோ, ஒரு பக்கம் பிரான்சோடும் மறுபக்கம் 1529-இல் வியன்னா வரை வந்துவிட்ட துருக்கியரோடும் மோதிக்கொண்டிருந்ததால், தமக்குப் படையும் பணமும் தரவேண்டிய சிற்றரசர்களைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தார். அதே 1529-இல் ஸ்பையர் நகரச் சபையில் அந்தச் சிற்றரசர்கள் தாக்கல் செய்த எதிர்ப்பறிக்கையிலிருந்துதான் ‘புரொட்டஸ்டன்ட்’ என்ற சொல்லே பிறந்தது. சீர்திருத்தத்தை ஏற்ற சிற்றரசர்களுக்கு மடங்களின் நிலமும் வருமானமும் கைக்கு வந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் புகுந்த வீட்டின் ஆங்கிலிக்கன் வேர் இதிலும் வேறானது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி லூதரை எதிர்த்து நூல் எழுதி, போப்பாண்டவரிடமே பட்டம் வாங்கியவர். ஆண் வாரிசு இல்லாத தம் முதல் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கேட்டார், போப்பாண்டவரால் முடியவில்லை. அரசி கேத்தரின் பேரரசர் சார்லஸுடைய தாயாரின் தங்கை. அந்தப் பேரரசரின் படைதான் 1527-இல் உரோமை நகரைச் சூறையாடியிருந்தது. 1534-இல் ஹென்றி தம்மையே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவராக்கிச் சட்டம் இயற்றிக்கொண்டார்.

பிற்காலத்தில் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு கத்தோலிக்க விவிலியத்திலும் யாக்கோபு, யோவான், பேதுரு என்றே இருக்கிறது. சந்தியாகப்பர், சின்னப்பர், பேதுருவான இராயப்பர் எல்லோரும் இன்று கோவில்களின் பெயரிலும் மனிதர்களின் பெயரிலும்தான் வாழ்கிறார்கள். மாமியாரை ஜூலைத் திருவிழாவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளேயே முப்பது ஆண்டுகள் போரிட்டதாகப் படித்தேன். ஒரே வேதத்தை நம்புகிறவர்கள் அத்தனை காலம் போரிட்டது எப்படி?
– வணிகர், கீழக்கரை

1618 முதல் 1648 வரை, பெரும்பாலும் ஜெர்மானிய நிலப்பகுதிகளில் நடந்தது அந்தப் போர். 1555-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓர் உடன்பாடு ஆகியிருந்தது: எந்தச் சிற்றரசர் எந்த வழியோ, அதுவே அவருடைய குடிகளுக்கும் வழி. கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் மட்டும் இடம் தந்த அந்த உடன்பாட்டில், பிறகு வேகமாக வளர்ந்த, கால்வின் என்ற மற்றொரு சீர்திருத்தவாதியின் வழியினருக்கு இடமே இல்லை. போகிமியாவில் தொடங்கிய கலகம் பெரும்போராகப் பற்றிக்கொண்டது. படையெடுப்பை விடவும் பஞ்சமும் கொள்ளை நோயுமே மக்களை அதிகமாகக் கொன்றன.

ஆனால் இதை வெறும் மதப்போர் என்று நீங்கள் முடிவுகட்டிவிடும் முன் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1635-இல் கத்தோலிக்க நாடான பிரான்ஸ், புரொட்டஸ்டன்ட் நாடான சுவீடனின் பக்கம் நின்று கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிராகப் போரில் இறங்கியது. அந்த முடிவை எடுத்த பிரெஞ்சு அமைச்சர் ரிஷ்லியூ ஒரு கர்தினால். திருச்சபையின் சிவப்பு அங்கியை அணிந்தவருக்கே தம் அரசின் நலன்தான் முதலில் வந்தது என்றால், சாதாரணச் சிப்பாய் எதற்காகச் செத்தான் என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம். 1648-இல் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை கால்வின் வழியினரையும் ஏற்றுக்கொண்டது. ஒருவரை ஒருவர் ஒழிக்க முடியாது என்ற களைப்பிலிருந்துதான் ஐரோப்பாவில் சமயச் சகிப்பு வளரத் தொடங்கியது என்பது என் கருத்து.

கத்தோலிக்க விவிலியத்தில் நூல்கள் கூடுதலாக இருப்பது ஏன்? யார் சேர்த்தது, யார் நீக்கியது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, மண்டபம்

கத்தோலிக்கருக்கு 73, உங்களுக்கு 66. வேறுபாடு பழைய ஏற்பாட்டில் மட்டும்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள். கிரேக்கம் பேசிய யூதர்களின் தொகுப்பில் இவை இருந்தன. எபிரேயத் தொகுப்பில் இல்லை. லூதர் தம் 1534-ஆம் ஆண்டு ஜெர்மன் விவிலியத்தில் இவற்றை நீக்கிவிடவில்லை, வாசிக்க நல்லவை என்று சொல்லித் தனிப்பகுதியாக வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் இவை முழு மறைநூல்களே என்று அறுதியிட்டது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு அட்டை வேதாகமத்தில் இவை இல்லாமல் போனதற்குக் காரணம் பிற்காலத்தது: பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கம் 1826-இல் இவற்றை அச்சிடுவதில்லை என்று முடிவெடுத்தது. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற பெயரில் இருக்கின்றன. சீராக் நூலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நட்பையும் நாவடக்கத்தையும் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால் திருக்குறள் நினைவுக்கு வரும்.

ஓரியூருக்கு அருகே எங்கள் ஊர். ‘கோவாக் குருமார் கட்சி, ரோமாபுரிக் கட்சி என்று ஒரே வேதக்காரர்கள் கோவில் சாவிக்குச் சண்டை போட்டார்கள்’ என்று என் பாட்டனார் சொல்வார். எல்லோரும் கத்தோலிக்கர்தானே, பிறகு எதற்குச் சண்டை?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாடானை வட்டம்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது உங்களுடையதுதான். லூதரைப் பற்றியும் கால்வினைப் பற்றியும் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். நம் தாத்தாக்கள் நேரில் கண்ட பிளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடல்வழி கண்டு புதிய நாடுகளுக்குப் போன போர்த்துக்கல் அரசருக்கு, 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே போப்பாண்டவர்கள் ஓர் உரிமையை வழங்கினார்கள். கீழை நாடுகளில் கோவில் கட்டுவதும் குருக்களுக்குப் படியளப்பதும் அரசரின் பொறுப்பு. அதற்கு ஈடாக, ஆயர்களைப் பெயர் குறித்துப் பரிந்துரைக்கும் அதிகாரமும் அரசருக்கே. ‘பதுரவாதோ’ என்று அதற்குப் பெயர். 1534-இல் கோவா மறைமாவட்டமும், பின்னர் கொச்சியும் மயிலாப்பூரும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் உருவாயின. உங்கள் ஊர்ப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் கிழவன் சேதுபதி காலத்தில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தர், லிஸ்பனில் பிறந்து இதே போர்த்துக்கீசிய ஏற்பாட்டின் வழியாக மதுரை மறைப்பணிக்கு வந்தவர்.

ஒரு நூற்றாண்டிலேயே போர்த்துக்கல்லின் கை தளர்ந்துவிட்டது. டச்சுக்காரர்களிடம் கோட்டைகளை ஒவ்வொன்றாக இழந்த அரசரால் கோவில்களுக்குப் படியளக்க முடியவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. உரோமையோ 1622-இல் ‘பிரொப்பகாந்தா’ என்ற மறைபரப்புப் பேராயத்தை ஏற்படுத்தி, அரசர்களை எதிர்பார்க்காமல் தன் ஆட்களை நேரடியாக அனுப்பத் தொடங்கியது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா என்றால் என்ன நடக்கும் என்று உங்கள் வட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிலைமையை முற்றவைத்தது இயேசு சபை என்ற துறவியர் சபையின் கதி. 1759-இல் போர்த்துக்கல் அந்தச் சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773-இல் போப்பாண்டவரே சபையைக் கலைத்தார். மறவர் சீமையில் அவர்கள் விட்டுச்சென்ற கோவில்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கோவாவிலிருந்து வந்த இந்தியக் குருக்கள். வசதியில்லாமல், ஆள்பலம் இல்லாமல், இரண்டு தலைமுறைக் காலம் மக்களை விட்டுப் போகாமல் அவர்கள் இருந்தார்கள். இதைச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் பின்னால் எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் எதிர்த்தரப்பு எழுதியவை, அவற்றில் கோவாக் குருக்களுக்கு நல்ல சொல் குறைவு.

1814-இல் இயேசு சபை மீட்கப்பட்டது. 1838-இல் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி, கொச்சி, மயிலாப்பூர் முதலிய போர்த்துக்கீசிய மறைமாவட்டங்களின் அதிகாரத்தை நீக்கி, அந்தப் பகுதிகளை உரோமையின் பதிலாளர்களிடம் ஒப்படைத்து ஆணை பிறப்பித்தார். அதே காலத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மறைப்பணிக்குத் திரும்பி வந்தார்கள். கோவாக் குருக்கள் அந்த ஆணையை ஏற்கவில்லை. எங்கள் அரசர் ஒப்பாதது எங்களுக்குச் செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் பாட்டனார் சொன்ன சண்டை. ஊர் இரண்டாயிற்று. சில இடங்களில் பழைய கோவிலுக்குப் பக்கத்திலேயே புதிய கோவில் எழுந்தது. சாவி யாரிடம், உண்டியல் யாரிடம், திருவிழாவில் கொடி ஏற்றும் முறை யாருக்கு என்றெல்லாம் வழக்குகள் ஆங்கிலேயரின் நீதிமன்றங்களுக்குப் போயின. கத்தோலிக்கரின் உள்வழக்கை ஆங்கிலிக்கன் நீதிபதி தீர்த்துவைத்த வேடிக்கையை எண்ணிப் பாருங்கள். பூசையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நம்பிக்கை அறிக்கை ஒன்றே. யார் அனுப்பிய சாமியார் என்பது ஒன்றுதான் தகராறு. ஊருக்குள் ஏற்கெனவே இருந்த பங்காளிப் பகையும் முதல் மரியாதைப் போட்டியும் ஆளுக்கொரு கட்சியைப் பிடித்துக்கொண்டதால் நெருப்பு எளிதில் அணையவில்லை.

1857-இலும் 1886-இலும் உரோமைக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஒப்பந்தங்கள் ஆயின. 1886-இல் இந்தியாவுக்கு முறையான மறைமாவட்ட அமைப்பு வந்தது என்றாலும், சில ஊர்கள் மட்டும் மயிலாப்பூரின் போர்த்துக்கீசிய ஆயரின் கீழேயே நீடித்தன. அந்த இரட்டை அதிகாரம் 1928 ஒப்பந்தத்தால்தான் முடிவுக்கு வந்தது. உங்கள் பாட்டனாரின் நினைவு அவ்வளவு தெளிவாக இருந்ததற்கு இதுவே காரணம். அவர் கேள்விப்பட்ட கதையைச் சொல்லவில்லை, தம் ஊரில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ஓரியூர் உட்பட்ட பகுதிக்கென்று சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தது மிகவும் பிந்தி, 1987-இல்.

இலங்கையின் மடு மாதா கோவிலுக்கு என் அம்மா நேர்ந்துகொண்டு படகில் போய் வந்தவர். அந்தச் சுரூபத்தைக் காட்டில் ஒளித்துவைத்தார்கள் என்பார். ஒளித்தது யாரிடமிருந்து?
– மீனவர், இராமேசுவரம்

டச்சுக்காரர்களிடமிருந்து. ‘அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே’ என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் ஒளிக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கத்தோலிக்க மன்னருக்கு எதிராக எண்பது ஆண்டுகள் போரிட்டு விடுதலை பெற்ற நாடு ஹாலந்து. கால்வினின் வழியைப் பின்பற்றியது. அவர்கள் கண்ணுக்குக் கத்தோலிக்கக் குரு ஒருவர் போர்த்துக்கல்லின் ஒற்றராகவே தெரிந்தார். 1658-இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றும் அடுத்தடுத்து அவர்கள் கைக்கு வந்தன. யாழ்ப்பாணப் பகுதியில் குருக்களை வெளியேற்றினார்கள், கோவில்களைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள், குருக்களுக்கு இடம் கொடுப்பதைக் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். 1670-இல் மாந்தையிலிருந்து சுமார் இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன என்பது மடுக்கோவிலின் வரலாறு.

பல ஆண்டுகள் குருவே இல்லாதிருந்த அந்த மக்களிடம் 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்ற குரு, பிச்சைக்காரர் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து போய்ச் சேர்ந்தார். அவரை 2015-இல் புனிதராக அறிவித்தார்கள்.

டச்சுச் சபை என்ன ஆயிற்று தெரியுமா? திருமணப் பதிவுக்கும் அரசு வேலைக்கும் அந்தச் சபையின் ஏடு தேவைப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் ஏட்டில் பெயர் கொடுத்தார்கள். வீட்டில் செபமாலை சொன்னார்கள், அல்லது திருநீறு பூசினார்கள். 1796-இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்த எண்ணிக்கை உப்புப் போலக் கரைந்துபோனது. 1806-இல் ஆளுநர் மெய்ட்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். தூத்துக்குடியில் பரதவர்களை மாற்றவும் டச்சுப் போதகர்கள் முயன்று தோற்றார்கள். முத்துக்குளிப்பில் அந்த மக்களின் உழைப்பு டச்சுக் கும்பெனிக்குத் தேவைப்பட்டதால் அங்கே கெடுபிடி நீடிக்கவில்லை. வருமானம் குறுக்கே வந்தால் கொள்கை வளையும் என்பதற்கு நான் வேறு சான்று தேடவில்லை.

1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்தது, அப்பத்தின் மாவு புளித்ததா புளிக்காததா என்ற சண்டையால் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். வகுப்பே சிரித்தது. சிரித்திருக்கலாமா?
– கல்லூரி மாணவர், தொண்டி

பேராசிரியர் தவறாகச் சொல்லவில்லை. பூசையில் பயன்படும் ஓஸ்தி புளிப்பில்லாத மாவால் ஆனது என்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரேக்கர்களின் திருச்சபையில் இன்றும் புளித்த மாவின் அப்பம்தான். ஆனால் அந்தச் சண்டைக்குள் வேறொன்று இருந்தது. தென் இத்தாலியை மேற்குத் திருச்சபையைச் சேர்ந்த நார்மானியர் பிடித்தபோது, அங்கிருந்த கிரேக்கக் கோவில்களை இலத்தீன் முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் முதுதந்தை, அதாவது தலைமை ஆயர், மைக்கேல் செருலாரியுஸ் அதற்குப் பதிலடியாகத் தம் நகரத்தின் இலத்தீன் கோவில்களை மூடினார். அந்தக் கோவில்களில் யாருடைய வழக்கம் நடக்கும், அதை முடிவுசெய்ய யாருக்கு அதிகாரம் என்பதே கேள்வி.

இன்னொரு சச்சரவு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. தூய ஆவியார் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்பது 381-ஆம் ஆண்டுச் சங்கத்தின் விசுவாச அறிக்கை. ‘மகனிடமிருந்தும்’ என்ற சொல்லை ஸ்பெயின் திருச்சபை ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சேர்த்துச் சொல்லி வந்தது. உரோமை அதை 1014-இல் ஏற்றது. கிரேக்கர்களுக்குச் சொல்லின் பொருளிலும் மறுப்பு உண்டு; அதைவிடப் பெரிய மறுப்பு, எல்லோரும் கூடி எழுதிய அறிக்கையை ஒரு தரப்பு மட்டும் திருத்தலாமா என்பது.

1054 ஜூலை 16 அன்று போப்பாண்டவரின் தூதர் கர்தினால் ஹம்பெர்ட், ஹகியா சோபியா பேராலயத்தின் பீடத்தின் மேல், செருலாரியுஸைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஓலையை வைத்துவிட்டு வெளியேறினார். அவரை அனுப்பிய போப்பாண்டவர் ஒன்பதாம் லியோ அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டதால் அந்த ஓலை செல்லுமா என்பதே ஐயம். அன்றைய மக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆறாத புண் 1204-இல் வந்தது: எருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப்போர்ப் படை வழிமாறிக் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் புகுந்து கொள்ளையடித்து, பேராலயத்தின் பீடத்தையே உடைத்தது. மாவைப் பற்றிய வாதத்தை ஒரு தலைமுறையில் மறந்திருப்பார்கள். இதைக் கிரேக்கர்கள் இன்றுவரை மறக்கவில்லை. விலக்கு ஆணைகளை இரு தரப்பும் நினைவிலிருந்து அகற்றுவதாக 1965-இல் ஆறாம் பவுலும் முதுதந்தை அத்தெனகோராசும் அறிவித்தார்கள். ஒன்றிப்பு இன்னும் வரவில்லை.

சிரித்ததில் தவறில்லை, தம்பி. 1054 தான் முதல் பிளவு என்று மட்டும் தேர்வில் எழுதிவிடாதீர்கள். கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படி ஒன்றுசேர்கின்றன என்ற வாதத்தில், 451-ஆம் ஆண்டின் கல்கெதோன் சங்கத்திற்குப் பின் எகிப்தின் கோப்து, ஆர்மீனிய, சிரியத் திருச்சபைகள் தனி வழியில் போய்விட்டன.

சி.எஸ்.ஐ. என்பது பல சபைகள் ஒன்றானது என்கிறார்கள். ஒன்றான பிறகும் எங்கள் நகரில் தெருவுக்கொரு புதுச் சபை முளைப்பது ஏன்?
– அரசு அலுவலர், இராமநாதபுரம்

சீர்திருத்தச் சபைகள் நம் பக்கம் வந்தபோது ஐரோப்பாவின் பிரிவினைகளையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தன. லூத்தரன் மரபினரான சுவார்ட்ஸ் ஐயர் 1785-ஐ ஒட்டி இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் ஒரு பள்ளி உங்கள் நகரில் இன்றும் இருக்கிறது. பின்னர் அந்தப் பணி ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்கு மாறியது. மதுரைப் பக்கத்தில் 1834 முதல் அமெரிக்க மிஷன். நீங்கள் எந்தச் சபை என்பதை, எந்த மிஷனின் எல்லைக்குள் உங்கள் பூட்டனார் வீடு இருந்தது என்பதே முடிவுசெய்தது. கோதாவரிக் கரையிலும் வைகைக் கரையிலும் வாழ்கிறவர்கள் ஸ்காட்லாந்துச் சண்டையையும் இங்கிலாந்துச் சண்டையையும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்ட இந்தியர்கள், அசரியா ஆயரின் முன்னிலையில் 1919-இல் தரங்கம்பாடியில் கூடினார்கள். ஆயர் பதவி தேவையா, இல்லையா என்ற ஒரே முடிச்சை அவிழ்க்க 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாயின. ஆயர்களே இல்லாத ஸ்காட்லாந்துச் சபையைச் சேர்ந்த லெஸ்லி நியூபிகின், மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் ஆயரானார். லூத்தரன் சபை சேரவில்லை.

கடல் கடந்து வந்த காரணங்களையே எழுதிக்கொண்டு போனால் நேர்மையாகாது. நம் மண்ணிலேயே விளைந்த காரணம் ஒன்று உண்டு. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று ஆணையிட்டார். நற்கருணைக் கிண்ணத்தில் முன்பின் வரிசை பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆங்கிலிக்கன் சபையை விட்டு வெளியேறினார்கள். 1840-இல் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் இந்த வழக்கங்களைக் கண்டும் காணாமல் இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. இறையியலை நாம் எழுதவில்லை என்றாலும் பிரியும் கலையில் நாமும் கைதேர்ந்தவர்களே.

தெருவுக்கொரு சபை என்பது 20-ஆம் நூற்றாண்டின் கதை. 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. அதற்கு ஓராண்டு முன்பே மகாராஷ்டிரத்தில் பண்டித ராமாபாய் நடத்திய முக்தி ஆசிரமத்தில் அத்தகைய எழுப்புதல் நடந்திருந்தது. 1920-களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்த மரபில் ஊழியத்துக்குத் தகுதி தருவது ஆவியின் அழைப்பு. ஆயரின் கை தலையில் பட வேண்டியதில்லை, பெரிய கட்டடமும் வேண்டியதில்லை. அழைப்புப் பெற்றதாக உணர்கிறவர் வாடகை மாடியில் தொடங்கலாம்; அவரோடு ஒத்துப்போகாதவர் அடுத்த தெரு மாடியில் தொடங்கலாம். பழைய சபைகளின் சேகரத் தேர்தலிலும் சொத்து வழக்கிலும் சலித்துப்போனவர்கள், பெயர் சொல்லித் தமக்காக ஜெபிக்கும் ஒரு பாஸ்டரைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் ஆர்.சி.; மணக்க இருப்பவர் சி.எஸ்.ஐ. திருமணத்துக்கு முன் யாராவது ஒருவர் மீண்டும் ஞானஸ்நானம் பெற வேண்டுமா?
– செவிலியர், பரமக்குடி

வேண்டியதில்லை. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் தரப்பட்ட ஞானஸ்நானத்தை இரு சபைகளும் ஒன்றுக்கொன்று ஏற்கின்றன. கத்தோலிக்கக் கோவிலில் மணம் நடப்பதாக இருந்தால் ஆயரின் அனுமதி தேவை. பங்குத்தந்தை வழியாக அதற்கு எழுத வேண்டும். உங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்க முறையில் வளர்க்க இயன்றதைச் செய்வதாகவும் நீங்கள் உறுதி கூற வேண்டும். அதை மாப்பிள்ளைக்கும் தெரிவிப்பார்கள். குழந்தைப் பருவ ஞானஸ்நானத்தை ஏற்காத சபையாக இருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். இருவருடைய ஞானஸ்நானச் சான்றுகளையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பழைய ஏடுகளில் பெயர் தேடுவதற்குச் சில நேரம் வாரக்கணக்காகும்.